காவிரிக் கரையில் ஒரு திபெத்து: மணிமேகலை காட்டும் வழி

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தமிழ் வீடுகளில் நாம் போட்டுக் கொடுக்கும் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். முதல் நாள் ஆதிரங்கன் சந்நிதி, தரியா தௌலத், கும்பஸ், சங்கமம். சாயங்காலம் கண்ணம்பாடி அணை. மறுநாள் மைசூர் அரண்மனை, சாமுண்டி மலை. இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தால், "குடகுப் பக்கம் கோல்டன் டெம்பிள் இருக்காமே, அதையும் பார்த்துடலாம்" என்று வண்டி பிடிப்போம். மூன்று பெரிய பொற்சிலைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் ஒரு சால்வை வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால், "பெரிய புத்தர், ரொம்ப அமைதியான இடம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் தமிழ் தெரிந்தவர்களுக்கு அங்கே பார்க்க இதைவிட அதிகம் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்திலும் காஞ்சியிலும் ஒரு காலத்தில் நடந்த பாடம், வேறொரு மொழியில், காவிரியின் மேல்கரையில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளும் சாவி நம் வீட்டு அலமாரியில் இருக்கிற மணிமேகலை. அந்தச் சாவியை எப்படிப் போடுவது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஆற்றுக்கு எதிராக ஒரு பயணம்

பைலகுப்பே மைசூரிலிருந்து சுமார் 85 கி.மீ. நம் பட்டணத்திலிருந்து 100 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இலவாலா, பிளிகெரெ, ஹுன்சூர், பிரியாபட்டணம் என்று மடிகேரி நெடுஞ்சாலையிலேயே போக வேண்டும். ரயில் கிடையாது. ஹுன்சூர் தாண்டியதும் புகையிலைத் தோட்டங்களும் சோளக் கொல்லைகளும் ஏற்ற இறக்கமாக வரும். பிரியாபட்டணத்துக்கு அப்பால் காற்றில் குளிர்ச்சி கூடும். சாலையோரத்து மரங்களுக்கிடையே வண்ண வண்ணத் துணிக் கொடிகள் வரிசையாகப் படபடக்கத் தொடங்கினால் ஊர் வந்துவிட்டது என்று பொருள்.

வழியில் பிளிகெரெ பக்கம் திரும்பினால் கொம்மடகிரி. பாறைக் குன்றின் மேல் பாகுபலி நின்ற கோலத்தில் இருக்கிறார். சிரவணபெளகொளத்தின் கூட்டம் இங்கே இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். பின்னால் சொல்லப்போகிற ஒரு விஷயத்துக்கு இந்தச் சிலையைப் பார்த்துவிட்டுப் போவது உதவும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்காவிரியில் பிறந்து, பாகமண்டலம் வழியாக இறங்கும் காவிரி, பைலகுப்பேக்குச் சில கி.மீ. தூரத்தில் உள்ள குஷால்நகரைத் தொட்டுக்கொண்டு, ராமநாதபுரா, சுஞ்சனகட்டெ கடந்து கண்ணம்பாடியில் தேங்கி, பிறகுதான் நம் பட்டணத்தைத் தீவாகச் சுற்றிப் போகிறது. அதே ஆறு கடலில் கலக்கும் இடம் பூம்புகார், அதாவது மணிமேகலை பிறந்த ஊர். அங்கே மேலையூர் பல்லவனீச்சரத்தில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தெடுத்த பௌத்த விகாரையின் அடித்தளத்தை இன்றும் பார்க்கலாம். ஆற்றின் கடைக்கோடியில் அணைந்துபோன ஒரு விளக்கு, ஆற்றின் தலைமாட்டில் எரிந்துகொண்டிருக்கிறது எனலாம்.

எப்படி வந்தார்கள்?

1959-இல் தலாய் லாமா திபெத்தை விட்டு இந்தியாவுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான திபெத்தியர்கள் மலை தாண்டி வந்தனர். அவர்களைக் குடியமர்த்த அன்றைய மைசூர் மாநில அரசு பைலகுப்பேயில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் நிலம் ஒதுக்கியது. 1961-இல் லுக்சும் சம்துப்லிங் என்ற முதல் குடியிருப்பு ஏற்பட்டது. 1969-இல் இரண்டாவது குடியிருப்பு வந்தது.

இப்போது பார்க்கிற ஒழுங்கான தெருக்களை வைத்து அன்றைய நிலையைக் கணிக்க முடியாது. அது காடு. பனியும் வறண்ட காற்றும் பழகிய உடம்புக்கு இந்த மழையும் வெயிலும் புதிது. யானைத் தொல்லை வேறு. மரம் வெட்டி, நிலம் திருத்தி, சோளம் விதைத்துத்தான் பிழைத்தார்கள். விளைச்சல் இல்லாத மாதங்களில் கம்பளிச் சட்டை மூட்டையோடு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். குளிர்காலத்தில் நம் ஊர்க் கடைத்தெருக்களில் ஸ்வெட்டர் விற்கிற திபெத்தியரைப் பார்க்காத தமிழர் யார்? பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து மூட்டை தூக்கிய பரம்பரைதானே நாமும்!

இவ்வளவு சிரமத்துக்கு நடுவில் அவர்கள் கட்டியது என்னவென்று பாருங்கள். 1963-இல் பெனோர் ரின்போச்சே என்ற குரு, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில துறவிகளோடு நம்ட்ரோலிங் மடத்தைத் தொடங்கினார். மூங்கில் கட்டிடத்தில் தொடங்கிய அது, பிற்பாடு ஆயிரக்கணக்கானோர் பயிலும் பெரிய கல்விக்கூடமாக வளர்ந்தது. ரின்போச்சே 2009-இல் மறைந்தார். திபெத்தின் தலைநகரான லாசாவுக்கு அருகே 1419-இல் நிறுவப்பட்ட சேரா என்ற பெரும் மடத்தின் துறவிகளும் இங்கே வந்து அதே பெயரில் மடத்தை மீண்டும் நிறுவினார்கள். சேராவின் 'சேரா ஜே', 'சேரா மே' என்ற இரு பிரிவுகளும் பைலகுப்பேயில் உள்ளன.

கோயிலில் எதைப் பார்ப்பது?

நாம் 'கோல்டன் டெம்பிள்' என்பது நம்ட்ரோலிங் மடத்தைச் சேர்ந்த பத்மசம்பவ விகாரை, 1999-இல் திறக்கப்பட்டது. உள்ளே நடுவில் சாக்கியமுனி புத்தர், சுமார் 60 அடி. இருபுறமும் சற்றே சிறியவையாக இரண்டு சிலைகள். மீசையோடு, கையில் வச்சிராயுதத்தோடு இருப்பவர் பத்மசம்பவர். 8-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து திபெத்துக்குச் சென்று அங்கே பௌத்தம் வேரூன்றக் காரணமானவர். மடியில் கலசம் ஏந்தியவர் அமிதாயுஸ். நீண்ட ஆயுள் வேண்டுவோர் இவரை வணங்குவர்.

புத்தரின் கையில் இருக்கும் பாத்திரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். "இது என்ன?" என்று கேட்பார்கள். துறவியின் பிச்சைப் பாத்திரம். அதே பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வரும்போது அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி ஆகிறது. ஊர்ப் பசியைத் தீர்க்கிறது. சிறைச்சாலை அறச்சாலை ஆகிறது. இந்தக் கதையை அந்த மண்டபத்திலேயே தரையில் உட்கார்ந்து சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கோயில் முகப்பின் உச்சியில் ஒரு சக்கரமும் இருபுறமும் இரண்டு மான்களும் இருக்கும். சாரநாத்து மான் தோட்டத்தில் புத்தர் முதல் உபதேசம் செய்ததன் அடையாளம் அது. துணிக் கொடிகளில் ஐந்து நிறம்: நீலம் ஆகாயம், வெள்ளை காற்று, சிவப்பு நெருப்பு, பச்சை நீர், மஞ்சள் மண். நம்முடைய ஐம்பூதமேதான். அவற்றில் மந்திரம் அச்சிட்டிருக்கும். காற்று அதைத் தொட்டு எல்லா உயிருக்கும் நன்மையைக் கொண்டுபோகும் என்பது நம்பிக்கை. உருளைகளைச் சுற்றுவதும் அப்படியே. நம் பிரதட்சிணம் போல வலமாகத்தான் சுற்ற வேண்டும்.

சுவரில் ஒரு சக்கரம்

திபெத்தியக் கோயில்களின் வாயில் சுவரில் பெரும்பாலும் ஒரு பெரிய சக்கர ஓவியம் இருக்கும். பயங்கரமான உருவம் ஒன்று அதைப் பல்லாலும் நகத்தாலும் பிடித்துக்கொண்டிருக்கும். பலர் "ஏதோ ராட்சசன்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவன் எமன். சக்கரம் பிறவிச் சுழல். நடுவில் பன்றி, பாம்பு, சேவல் மூன்றும் ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டிருக்கும். மயக்கம், வெகுளி, ஆசை என்று நம் அறநூல்கள் கண்டிக்கிற மூன்று குற்றங்கள் அவை.

விளிம்பில் பன்னிரண்டு சின்னப் படங்கள். இங்கேதான் மணிமேகலை கைகொடுக்கிறது. அதன் கடைசிக் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பன்னிரு நிதானங்களை உபதேசிக்கிறார். அவர் சொன்ன தமிழ்ப் பெயர்களை அப்படியே இந்தப் படங்களுக்கு அடியில் எழுதிவிடலாம்:

கோலூன்றிய குருடர் – பேதைமை. பானை வனையும் குயவர் – செய்கை. கிளைக்குக் கிளை தாவும் குரங்கு – உணர்வு. ஓடத்தில் போகிறவர்கள் – அருவுரு. ஜன்னல்கள் உள்ள வீடு – வாயில், அதாவது புலன்கள். தழுவி நிற்கும் இருவர் – ஊறு. கண்ணில் அம்பு தைத்தவர் – நுகர்வு. பானம் அருந்துகிறவர் – வேட்கை. மரத்தில் பழம் பறிக்கிறவர் – பற்று. கருவுற்ற பெண் – பவம். குழந்தை பெறுகிறவள் – தோற்றம். பிணத்தைச் சுமந்து போகிறவர் – வினைப்பயன்.

ஓவியத்துக்கு ஓவியம் சிறு மாற்றம் இருக்கலாம், வரிசை மாறாது. ஒன்று இருந்தால் அடுத்தது உண்டாகும், ஒன்று அற்றால் அடுத்தது அறும் என்பதே அதன் சாரம். எங்கோ இமயத்துக்கு அப்பால் தீட்டக் கற்ற ஓவியத்துக்குத் தமிழில் பெயர்ப்பட்டியல் ஏற்கெனவே தயாராக இருப்பது வியப்புதானே!

புத்தரா, அருகரா?

நம் ஊர்ப்பக்கம் வயல்வெளியில் ஒரு சிலை கிடைத்தால் "புத்தர் சிலை" என்று சொல்லிவிடுவது வழக்கம். பல இடங்களில் அது தீர்த்தங்கரர் சிலையாக இருக்கும். சில இடங்களில் உண்மையிலேயே புத்தராக இருக்கும். வித்தியாசம் சுலபம். புத்தருக்கு உடம்பில் சீவர ஆடையின் மடிப்பு தெரியும். தலையுச்சியில் முடிச்சுப்போல் எழும்பியிருக்கும். பல சிலைகளில் வலக்கை பூமியைத் தொடும். எங்கள் திகம்பர மரபு அருகருக்கு ஆடையே இல்லை. அமர்ந்தால் இரு கைகளும் மடியில், நின்றால் கைகள் உடலை ஒட்டித் தொங்கும். தமிழ்நாட்டுச் சிலைகளில் தலைக்குமேல் முக்குடை இருக்கும். கொம்மடகிரி பாகுபலியைப் பார்த்துவிட்டுப் பைலகுப்பேக்குப் போனால் இந்தப் பாடம் ஒரே நாளில் முடிந்துவிடும். அதற்காகத்தான் முதலிலேயே சொன்னேன்.

முற்றத்துத் தர்க்கம்

பொற்கோயிலோடு திரும்பிவிடாமல் சேரா மடத்துக்கும் போய் வாருங்கள். தர்க்கப் பயிற்சி நடக்கும் நேரமாக இருந்தால் நல்ல அதிர்ஷ்டம். முற்றத்தில் ஒரு துறவி உட்கார்ந்திருப்பார். எதிரே நிற்பவர் கேள்வி கேட்பார். கேட்டு முடிக்கும்போது காலைத் தரையில் ஓங்கி மிதித்து, கையைப் படீரென்று தட்டுவார். முதல் முறை பார்ப்பவர்கள் சண்டை என்றே நினைப்பார்கள். நடப்பது பிரமாண சாஸ்திரம்: எதை அறிவு என்று ஏற்கலாம், எதை ஏற்கக்கூடாது என்ற ஆராய்ச்சி. அதற்குப் பாடநூல் தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகம். அதற்கு மூலவேர் திங்நாகரின் பிரமாணசமுச்சயம்.

யார் இந்தத் திங்நாகர்? திபெத்திய மரபு வரலாறு அவரைக் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்கிறது. அறிவதற்கு வழி காட்சி, கருத்து என இரண்டே என்று வரையறுத்தவர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், அதே காஞ்சி மாநகரில், அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுப்பதும் இந்த அளவை நூல்தான். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைச் சொல்கிறார். 'இந்த மலையில் நெருப்பு இருக்கிறது' என்பது பக்கம். 'புகை தெரிவதால்' என்பது ஏது. 'அடுக்களையைப் போல' என்பது திட்டாந்தம். சேரா முற்றத்தில் கைதட்டிக் கேட்கிற கேள்விகளுக்கு அடியில் இருக்கும் எலும்புக்கூடு இதுவே.

இதில் மனத்தைத் தொடுகிற செய்தி ஒன்று உண்டு. பிரமாணசமுச்சயத்தின் வடமொழி மூலம் இந்தியாவில் தனி நூலாகக் கிடைக்காமல் போயிற்று. முழுமையாகக் காத்தவை திபெத்திய மொழிபெயர்ப்புகளே. நம் மைசூர்ப் பல்கலைக்கழகம் 1930-இல் வெளியிட்ட ஒரு நூலில், எச். ஆர். ரங்கஸ்வாமி ஐயங்கார் திபெத்திய மொழியிலிருந்து அதன் முதல் பகுதியை வடமொழிக்கு மீட்டுக் கொடுத்தார். தென்னாட்டுச் சரக்கு பனிமலை தாண்டிப் போய், பத்திரமாக இருந்து, மைசூருக்கே திரும்பி வந்த கதை இது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மொழியைப் பேசுகிற மக்களே மைசூர்ச் சீமைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கேட்க ஆளில்லாத கதை

தமிழ்நாட்டில் பௌத்தம் சின்னதாக இருந்துவிட்டுப் போன சமயமன்று. வீரசோழியம் என்ற இலக்கணம் செய்த புத்தமித்திரர் பௌத்தர். முதலாம் இராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாகத் தரப்பட்டது. லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற பட்டயம் அதைச் சொல்கிறது. அப்படி இருந்தும் என்ன ஆயிற்று?

உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். அதில் வரும் சமண சமயச் செய்திகளுக்கு விளக்கம் கேட்கக் கும்பகோணத்திலேயே எங்கள் சமணக் குடும்பங்கள் இருந்தன. அவர் வீடு தேடிப்போய்க் கேட்டார், அவர்களும் சொன்னார்கள். மணிமேகலையை 1898-இல் பதிப்பிக்கும்போது நிலைமை வேறு. கேட்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தமிழ்ப் பௌத்தர் வீடு இல்லை. மளூர் ரங்காசாரியாரின் துணையோடு பிறமொழி நூல்களில் சொல்லியிருப்பதைக் கேட்டறிந்துதான் குறிப்புகள் எழுத வேண்டியிருந்தது. ஏடு தமிழில் இருந்தது. பொருள் சொல்லும் நாவு தமிழில் இல்லை.

குண்டலகேசியின் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பௌத்த காப்பியம் முழுதும் மறைந்துவிட்டது. அதற்கு மறுப்பாகச் சமணர் செய்த நூல் நீலகேசி. மறுப்பதற்காக எதிராளியின் வாதத்தை எடுத்துச் சொல்ல வேண்டும் அல்லவா? அதனால் நீலகேசியும் அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் செய்த உரையும் குண்டலகேசியின் சில பகுதிகளைக் காத்துக் கொடுத்தன. அந்நூலை 1936-இல் அச்சேற்றியவர் அ. சக்கரவர்த்தி நயினார். வாதத்தில் வென்றவர்களே தோற்றவர்களின் சொல்லுக்கும் காவலர்களானார்கள். அன்று ஒருவரையொருவர் மறுக்கவாவது ஒருவர் நூலை ஒருவர் படித்தார்கள் என்பது நாம் நினைத்துப் பார்க்க வேண்டியது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

மைசூரிலிருந்து மடிகேரி, குஷால்நகர் பேருந்துகள் நிறைய உண்டு. குஷால்நகரில் இறங்கி ஆட்டோவில் போவது சௌகரியம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். பிப்ரவரி, மார்ச்சில் வரும் லோசர் என்ற திபெத்தியப் புத்தாண்டை ஒட்டி முகமூடி நடனங்கள் நடக்கும். இந்தியக் குடிமக்கள் போய்வர அனுமதிச்சீட்டு தேவையில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர்கள் குடியிருப்பில் இரவு தங்குவதானால், உள்துறை அமைச்சகத்தின் சிறப்பு அனுமதியை நெடுநாள் முன்னதாகவே விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. மோமோ, துக்பா இரண்டிலும் மாமிசம் சேர்ந்ததும் உண்டு, சேராததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். எங்களைப் போலப் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிற வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோவதே உத்தமம். வழிபாடு நடக்கும்போது குறுக்கே போகாதீர்கள். துறவிகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். "இது என்ன?" என்று மரியாதையாகக் கேட்டால், இந்தியிலோ கன்னடத்திலோ பொறுமையாகப் பதில் சொல்வார்கள். பணத்தைவிட அந்தக் கேள்விதான் அவர்களுக்குச் சந்தோஷம்.

நாம் எடுத்து வர வேண்டியது

பைலகுப்பே மக்கள் இந்த மண்ணுக்கு வந்து அறுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. கடைத்தெருவில் கன்னடம் பேசுகிறார்கள். வெளியூர்க்காரரிடம் இந்தி பேசுகிறார்கள். பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள். ஆனாலும் சின்ன வகுப்புகளில் தங்கள் மொழியையும் எழுத்தையும் விடாமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். இளைஞர்கள் பலர் மேலைநாடுகளுக்குப் போய்விடுகிற கவலை அவர்களுக்கும் உண்டு. இருந்தும், வந்த புதிதிலேயே, வயிற்றுக்குச் சோளம் விதைத்த கையோடு பாடசாலைக்கும் அஸ்திவாரம் போட்டார்கள். பாடம் நிற்காததால்தான் கேட்பதற்கு இன்றும் ஆள் இருக்கிறது.

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். இந்த நாட்டில் தமிழ் நேற்று வந்த விருந்தாளி இல்லை. சிரவணபெளகொளத்துக் கோமடேசுவரர் காலடியில், அவரை நிறுவிய சாமுண்டராயரின் பெயர் கன்னடத்தோடு தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது. பட்டணத்திலும் மேல்கோட்டையிலும் தமிழ்ப் பாசுரம் இன்றும் ஒலிக்கிறது. கன்னடத் தாய் நம்மை வைத்துக் காப்பாற்றுகிறாள். அவள் மொழியை நன்றாகக் கற்பது நம் கடமை. அதே சமயம் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழ் வாசிக்க வருகிறது? பேசுகிறார்கள், பாட்டியிடம் சண்டை போடுகிறார்கள், ஆனால் அந்தப் பாட்டி எழுதின கடிதத்தை எடுத்துப் படிக்கச் சொன்னால் முழிக்கிறார்கள். நாவில் மட்டும் இருக்கிற மொழி இரண்டு தலைமுறைக்குத் தாங்கும். மூன்றாம் தலைமுறைக்குக் கண்ணிலும் இருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த முறை பைலகுப்பேக்குக் கிளம்பும்போது, புளியோதரைத் தூக்கோடு உரையுடன் கூடிய மணிமேகலை ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சக்கர ஓவியத்துக்கு முன்னால் அந்தப் பன்னிரண்டு சொற்களைப் பிள்ளைகளே எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். தடுமாறினால் பரவாயில்லை, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல் என்று வைத்தாலும் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும்.

அறம் வளர்க! தமிழ் வாழ்க!